முப்பது மில்லி ஆம்பியர்: எர்த் குழியை நம்பும் வீட்டுக்கு எந்த ஆர்சிசிபி?

கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. "செருப்பைப் போட்டுக்கிட்டு மாவைத் தள்ளிவிடும்மா" என்கிறார் மாமியார். மருமகளும் அப்படியே செய்கிறார். மாவு வழிக்கும்போது மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருநாள் எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்து, "எர்த் சரியில்லைங்க" என்கிறார். கொல்லையில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, இரண்டு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் போகிறார். சுரீர் நின்றுவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

தமிழ்நாட்டில் பல ஆயிரம் வீடுகளின் மின்பாதுகாப்பு இந்த நிம்மதியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கிரைண்டர் மோட்டாருக்குள் காப்பு கெட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கசிவு சில மில்லி ஆம்பியராக இருக்கும்வரை புது எர்த் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். ஒருநாள் மோட்டாரின் செம்புச் சுற்று முழுதாகக் கிரைண்டரின் உலோக உடம்பில் பட்டுவிட்டால் என்ன ஆகும்? எர்த் கம்பியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளின் உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

நம் ஊர் மின்சாரம் வரும் வழியை முதலில் பார்க்கவேண்டும். தெருவோரத்து டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கம்பம் வழியாக வீட்டுக்கு ஃபேஸும் நியூட்ரலும் வருகின்றன. எர்த்துக்கு நடைமுறையில் வீட்டுக்காரர் தோண்டிய குழிதான். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மண் இணைப்பு, வீட்டில் ஒரு மண் இணைப்பு, இரண்டுக்கும் நடுவே வெறும் மண். பொறியாளர்கள் இதை 'டிடி' முறை என்பார்கள். 'டி' என்பது மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலான நகர வீடுகளுக்கு மின்நிறுவனத்தின் கேபிளிலேயே எர்த் இணைப்பு வந்துவிடுகிறது. அங்கே ஃபேஸ் கம்பி உலோக உடம்பில் பட்டால் உலோகத்தின் வழியாகவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் உடனே போய்விடும். நம் வீட்டில் அந்த மின்னோட்டம் மண்ணைக் கடந்துதான் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பவேண்டும். மண் செம்பைப் போல வழிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு எர்த்தின் தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 ஓம். 230 வோல்ட்டை 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். கிரைண்டர் இருக்கும் லைனில், ஓவர்லோடு வந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறார்கள். 9.2 ஆம்பியர் அதற்குச் சாதாரண லோடுதான். அது விழவே விழாது. சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு பாயவேண்டுமானால் மண் வழியின் மொத்தத் தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்கவேண்டும். ஒரு பைப்பை இறக்கிய வீட்டில் அது நடக்காத காரியம்.

இனி வோல்ட்டைப் பார்ப்போம். 9.2 ஆம்பியரை 20 ஓமால் பெருக்கினால் 184. கிரைண்டரின் உடம்பு 184 வோல்ட்டில் நிற்கிறது. எர்த் கம்பி வீடு முழுவதற்கும் பொது என்பதால் ஃபிரிட்ஜின் கதவு, வாஷிங் மெஷினின் முதுகு, அயர்ன் பாக்ஸின் தகடு, கீசரின் குழாய் எல்லாமே அதே 184 வோல்ட்டுக்கு ஏறிவிடுகின்றன. சமையலறையில் பிறந்த பழுதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எர்த் கம்பிதான். ஈரக் கையோடு நிற்கும் மனித உடலின் தடை ஆயிரம் ஓம் என்று எடுத்துக்கொண்டால் 184 மில்லி ஆம்பியர் உடலில் பாயும். ஒரு வினாடி நீடித்தால் இதயத்தின் துடிப்பு குலைந்துவிட அது தாராளமாகப் போதும். இவ்வளவு நடந்தும் வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். மண்ணுக்குள் இரண்டு கிலோவாட்டுக்கும் மேல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க நீடித்தால் அது சுமார் ஐம்பது யூனிட்.

ஆகவே எர்த் குழி வைத்த வீட்டில் எம்சிபியும் எர்த் கம்பியும் சேர்ந்தாலும் பாதுகாப்பு பாதிதான். மீதிப் பாதியைத் தரவேண்டியது மின்கசிவைக் கண்டறிந்து லைனைத் துண்டிக்கும் கருவி. தரநிலைகள் அதை ஆர்சிசிபி என்கின்றன. கடைத்தெருவில் இன்றும் பலர் இஎல்சிபி என்றே கேட்கிறார்கள்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. சிறிய காந்த வளையம் ஒன்றின் நடுவே ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே நுழைந்து போகின்றன. சைக்கிள் ஸ்டாண்டில் உள்ளே போன வண்டியும் வெளியே வந்த வண்டியும் கணக்கில் ஒத்துப்போகவேண்டும் என்பது போல, ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இருக்கவேண்டும். சமமாக இருக்கும்வரை வளையத்தில் காந்தப்புலம் இல்லை. கொஞ்சம் மண்ணுக்கோ ஒருவரின் உடல் வழியாகவோ போய்விட்டால் கணக்கு உதைக்கும். வளையத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் அந்த வித்தியாசம் மின்னழுத்தமாகத் தெரியும், கொக்கி விடுபடும், இரண்டு கம்பிகளும் துண்டிக்கப்படும்.

இந்தக் கருவிக்குப் பின்னால் மூன்று நாடுகளின் உழைப்பு இருக்கிறது. ஆஸ்திரியாவில் காட்ஃப்ரீட் பீகல்மையர் 1950களில் இதைச் செம்மைப்படுத்தினார். மின்சாரம் உடலை என்ன செய்கிறது என்பதை அறியத் தம் உடலிலேயே பாய்ச்சிச் சோதித்தவர் அவர். அதே பத்தாண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் உருவாக்கிய கருவி, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் வந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் சார்ல்ஸ் டால்சீல், பிடித்த கம்பியை விடமுடியாமல் கை இறுகிப்போவது எந்த அளவில் என்று தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தார். ஆண்களுக்கு நடுமட்டம் சுமார் 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு சுமார் 10.5. அதனால்தான் அமெரிக்காவில் வீட்டுக் கருவி 5 மில்லி ஆம்பியரை ஒட்டி விழுகிறது. ஐரோப்பாவும் இந்தியாவும் 30-ஐ எடுத்துக்கொண்டன. கை இறுகினாலும் இதயம் நிற்பதற்குள் லைன் போய்விடவேண்டும் என்பது இதன் அடிப்படை.

இங்கே பலருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாகவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கருவி போட்டால் உடலில் 30-க்கு மேல் பாயாது என்று நினைக்கிறார்கள். கருவியால் மின்னோட்டத்தைக் குறைக்க முடியாது; அது நேரத்தைத்தான் குறைக்கிறது. வெறும் ஃபேஸ் கம்பியைத் தொட்டவரின் உடலில் 200 மில்லி ஆம்பியர் பாயலாம். ஷாக் நன்றாகவே அடிக்கும். ஆனால் கசிவு 30-ஐத் தொட்டால் 0.3 வினாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு ஆகிவிட்டால் 0.04 வினாடிக்குள்ளும் கருவி விழவேண்டும் என்கிறது தரநிலை. அந்த 0.04 வினாடி என்பது இரண்டு மின்னலைகள் கடக்கும் நேரம். உயிர் தப்புவது அந்த இடைவெளியில்தான்.

இனி எர்த் குழியின் பக்கம் திரும்பினால் மனதுக்கு ஆறுதலான ஒரு செய்தி இருக்கிறது. டிடி வீடுகளுக்கான விதி இது: எர்த்தின் தடையைக் கருவியின் கசிவு அளவால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 30 மில்லி ஆம்பியர் கருவிக்கு அது 1,667 ஓம் வரை இடம் தருகிறது. 100 மில்லி ஆம்பியருக்கு 500 ஓம். 300-க்கு 167 ஓம். எம்சிபியை விழவைக்க ஒன்றரை ஓம் வேண்டியிருந்த இடத்தில் ஆயிரத்துக்கும் மேல் போதும் என்று ஆகிவிடுகிறது.

40 மில்லிமீட்டர் பைப்பை இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால், மண்ணின் மின்தடைமை 100 ஓம்-மீட்டராக உள்ள இடத்தில் எர்த் சுமார் 33 ஓம் வரும். பாறை கலந்த காய்ந்த மண்ணில் அது ஆயிரமாக இருந்தால் 330 ஓம். அந்த 330-லும் 30 மில்லி ஆம்பியர் கருவி தன் வேலையைச் செய்யும். பைப்பின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தடை பத்தில் ஒரு பங்கு போலத்தான் குறைகிறது; ஆழத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட பாதியாகிறது. எர்த்துக்குச் செலவழிப்பவர்கள் தடிமனில் காசைப் போடாமல் ஆழத்தில் போடுவதே நல்லது. உப்பு உடனடியாகத் தடையைக் குறைக்கும். பின்னர் மழையில் கரைந்து போகும், பைப்பையும் அரிக்கும்.

1,667 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எர்த்தைக் கைவிட்டுவிடக்கூடாது. மே மாதத்தில் காயும் மண்ணில் தடை ஏறும்; இணைப்பு நட்டு துருப்பிடிக்கும். 200 ஓமுக்கு மேற்பட்ட எர்த் நிலையாக நிற்காமல் போகலாம் என்று பிரிட்டனின் வயரிங் விதிகள் எச்சரிக்கின்றன. நம்மைப் போலவே டிடி முறையில் ஓடும் பிரான்ஸ் நூறு ஓமை எல்லையாக வைத்திருக்கிறது. கோடையில் அளந்தாலும் நூறுக்குள் நிற்கும் எர்த்தும், அதற்கு மேல் 30 மில்லி ஆம்பியர் கருவியும் ஒரு சாதாரண வீட்டுக்குச் சரியான இணை.

பிரான்ஸைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நமக்குப் பயன்படும். அங்கே மின்நிறுவனத்தின் முதன்மை பிரேக்கரிலேயே 500 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. அரை ஆம்பியரை நூறு ஓமால் பெருக்கினால் சரியாக 50 வோல்ட். அதற்குக் கீழே வீட்டின் எல்லாச் சுற்றுகளும் 30 மில்லி ஆம்பியர் கருவிகளின் கீழ் இருக்கவேண்டும் என்று 2002-ல் அவர்கள் விதியைத் திருத்தினார்கள். ஒரு கருவியின் கீழ் எட்டுச் சுற்றுகளுக்கு மேல் கூடாது. வாஷிங் மெஷினுக்கும் மின்சார அடுப்புக்கும் எந்த வகைக் கருவி என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எல்லை வகுத்தன. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் கீழான சிறு இணைப்புகளை விட்டுவிட்டன. ஓட்டு வீடும் தொகுப்பு வீடும் அந்தச் சிறு இணைப்புகளில்தான் இருக்கின்றன. ஈரச்சுவரும் பழைய வயரும் ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அங்கேதான் அதிகம். அந்த விலக்கு தவறு. பிறகு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் விநியோக விதித்தொகுப்பில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. மின்வாரியமும் நுகர்வோரைப் பொருத்தச் சொல்லிக் கேட்டுவருகிறது. நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன.

கடைக்குப் போனால் முதல் குழப்பம் எண்களில் வரும். "நாற்பது ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். 25, 40, 63 என்ற ஆம்பியர் எண் அந்தக் கருவி தாங்கும் லோடு மட்டுமே. மெயின் எம்சிபியின் ஆம்பியருக்குக் குறையாமல் அது இருந்தால் போதும். உயிரைக் காக்கும் எண் மில்லி ஆம்பியரில் தனியாக எழுதியிருக்கும். கடையில் 30-ம் இருக்கும், 100-ம் இருக்கும், 300-ம் இருக்கும். மூன்றின் தோற்றமும் ஒன்றுதான். 300 மில்லி ஆம்பியர் கருவி தீவிபத்தைத் தடுக்க வந்தது; மனிதரைக் காக்க அல்ல. சொல்லிக் கேட்கவேண்டியது இரண்டு எண்கள்: "நாற்பது ஆம்பியர், முப்பது மில்லி."

இன்னொன்றையும் அங்கேயே மனதில் வைக்கவேண்டும். ஆர்சிசிபிக்கு ஓவர்லோடும் தெரியாது, ஷார்ட் சர்க்கியூட்டும் தெரியாது. அதற்கு எம்சிபி கூடவே வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்யும் கருவி ஆர்சிபிஓ. பழைய வீடுகளில் எர்த் கம்பியையே தன் வழியாக வாங்கிப்போகும் அந்தக் காலத்து இஎல்சிபி இன்னும் இருக்கலாம். அது எர்த் கம்பியில் ஏறும் வோல்ட்டை மட்டும் பார்க்கிறது. கம்பியைத் தொட்டவரின் கால் வழியாக மண்ணுக்குப் போகும் கசிவு அதன் கண்ணில் படாது. அதைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவதைத் தள்ளிப்போடக்கூடாது.

அடுத்த கேள்வி வகை. எதுவும் சொல்லாமல் வாங்கினால் பெரும்பாலும் கிடைப்பது ஏசி வகை. சீரான மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் அறியும் கருவி அது. வீட்டில் குண்டு பல்பும் சாதாரண ஃபேனும் மட்டும் இருந்த காலத்துக்கு அது போதும். இன்று இன்வெர்ட்டர் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, பிஎல்டிசி ஃபேன், எல்இடி விளக்கு, வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றின் உள்ளேயும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் மின்னணுப் பலகை இருக்கிறது. அங்கே பழுது வந்தால் கசிவு பாதி அலையாக வெட்டுப்பட்டு வரும். ஏசி வகையின் காந்த வளையம் அதில் மரத்துப்போகலாம். ஏ வகை அந்த வெட்டுப்பட்ட கசிவையும் பிடிக்கும். 6 மில்லி ஆம்பியர் வரை சீரான நேர்மின்னோட்டம் கூடவே கசிந்தாலும் வேலை செய்யும். ஜெர்மனி வீடுகளில் ஏசி வகையை ஏற்பதில்லை. கருவியின் முகப்பில் ஒரே ஓர் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை. அலைக்கோட்டின் கீழே இரண்டு சிறு மேடுகளும் வரைந்திருந்தால் ஏ வகை. விலை சற்றுக் கூடும். புதிதாக வாங்குகிறவர்கள் ஏ வகைக்குக் கீழே இறங்கவேண்டாம்.

மின்சார ஸ்கூட்டரைச் சாதாரண பிளக்கில் சார்ஜ் செய்ய ஏ வகை போதும். கார் சார்ஜரைச் சுவரில் பொருத்தினால் கதை வேறு. அதிலிருந்து சீரான நேர்மின்னோட்டம் கசியக்கூடும். அதற்கு பி வகைக் கருவி வேண்டும்; அல்லது 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைத் தானே கண்டறியும் சார்ஜரும் ஏ வகையும் சேர்ந்திருக்கவேண்டும். கார் லைனை வீட்டின் மற்ற ஆர்சிசிபிக்கு முன்னாலேயே தனியாகப் பிரித்துவிடவேண்டும்.

நம் ஊருக்கென்றே முக்கியமான ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. சில கருவிகள் கசிவிலிருந்து கிடைக்கும் ஆற்றலிலேயே விழுகின்றன. வேறு சில, உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு லைன் மின்சாரம் இருந்தால்தான் விழும். புயல் காற்றில் கம்பத்து நியூட்ரல் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் நின்றுவிடும், விளக்கு அணைந்துவிடும், "கரண்ட் போச்சு" என்று எல்லோரும் நினைப்பார்கள். ஃபேஸில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். மின்னணு வகைக்கு அப்போது உயிர் இருக்காது. காற்றும் மழையும் அடிக்கும் ஊர்களில் லைன் மின்சாரத்தைச் சாராத எலக்ட்ரோமெக்கானிக்கல் வகையே ஏற்றது. இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. எந்த லைனோடும் இணைக்காத கருவியை ஆன் செய்து, ஒரு முனையின் மேல் திருகுக்கும் அதே முனையின் கீழ்த் திருகுக்கும் நடுவே ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கம்பிகளால் தொடவேண்டும். விழாவிட்டால் பேட்டரியைத் திருப்பித் தொடலாம். 'டக்' என்று விழுந்தால் அது தன்னாலேயே இயங்கும் வகை. இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தால் அது லைனை எதிர்பார்க்கும் வகை.

ஆர்சிபிஓ வாங்குகிறவர்கள் அது நியூட்ரலையும் துண்டிக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒல்லியான சில மாடல்கள் ஃபேஸை மட்டும் துண்டிக்கும். டிடி வீட்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது; இரண்டையும் துண்டிப்பதே சரி.

எத்தனை கருவிகள் போடவேண்டும்? இரண்டு அறை வீட்டுக்கு மீட்டருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஏ வகை போதும். சில ஆயிரம் ரூபாயில் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கு ஈடாக வேறு எந்த மின்செலவும் இல்லை. வீடு பெரிதாகப் பெரிதாக ஒரே கருவி தொல்லை தரும். ஒவ்வொரு மின்னணுக் கருவியும் ஆரோக்கியமாக இருக்கும்போதே கொஞ்சம் கசியவிடும். அந்த இயல்பான கசிவெல்லாம் சேர்ந்து ஆர்சிசிபியின் அளவில் முப்பது சதவீதத்துக்குள், அதாவது 9 மில்லி ஆம்பியருக்குள் நிற்பது நல்லது. 30 என்று எழுதியிருந்தாலும் தரநிலைப்படி கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். சமையலறை, குளியலறை, வெளிவிளக்கு, மோட்டார் ஒரு கருவியில், படுக்கையறை, கூடம் இன்னொன்றில் என்று பிரித்தால் ராத்திரியில் கீசரால் ஒரு கருவி விழுந்தாலும் வீடு முழுக்க இருளாது. வசதி உள்ளவர்கள் சுற்றுக்கு ஒரு ஆர்சிபிஓ போடலாம்.

பிரிக்கும்போதுதான் பழைய வீடுகளின் இரகசியம் வெளிப்படும். ஓர் அறையின் ஃபேஸ் ஒரு எம்சிபியில், அதன் நியூட்ரல் பக்கத்து அறையோடு சேர்ந்து எங்கோ ஒரு பெட்டியில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரே ஆர்சிசிபி இருந்தவரை அது தெரியாது. இரண்டாக்கிய மறுகணமே இரண்டும் மாறி மாறி விழும். கருவி ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் பட்டை வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் இதே சிக்கல்தான்: ஃபேஸை மட்டும் இன்வெர்ட்டருக்குத் திருப்பிவிட்டு, நியூட்ரலைப் பொதுவில் விட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் கிளைக்குத் தனி நியூட்ரலும், அதன் வெளிவாயிலில் தனி 30 மில்லி ஆம்பியர் கருவியும் போடவேண்டும். மூன்று ஃபேஸ் வீடுகளில் நான்கு முனைக் கருவி தேவை.

பெரிய வீட்டில் மெயினில் 100 மில்லி ஆம்பியர் எஸ் வகையும், அதற்குக் கீழே 30-களும் போடுவது நல்ல ஏற்பாடு. எஸ் வகை சற்றுத் தாமதித்து விழும் என்பதால் கீழே உள்ளது முதலில் விழ நேரம் கிடைக்கும். இரண்டையும் 30 ஆகப் போட்டால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. மீட்டரிலிருந்து முதல் கருவி வரையுள்ள ஒயர் யாருடைய காவலிலும் இல்லை. அதை பிவிசி குழாயில், இரும்புப் பெட்டியைத் தொடாமல், முடிந்த அளவு குட்டையாகக் கொண்டுபோகவேண்டும்.

மழைக்காலம் வந்ததும் ஆர்சிசிபி விழத் தொடங்கும். காம்பவுண்டு விளக்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், சம்ப் மோட்டாரின் கேபிள் இணைப்பு நனைந்திருக்கும், கீசரின் ஹீட்டர் காயில் வெடித்திருக்கும். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி கிடைத்துவிடும். எம்சிபி இறங்கியிருந்தும் விழுந்துகொண்டே இருந்தால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை முனை எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை.

இந்தத் தேடலுக்கு அரை நாள் ஆகும். அதைத் தவிர்க்க, "இது ரொம்ப சென்சிடிவ் சார், நூறு போட்டுக்கலாம்" என்று மாற்றிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் மோசமாக, ஆர்சிசிபியைத் தாண்டி நேர்க்கம்பி கொடுத்துவிடுகிறார்கள். விழுவது நிற்கிறது, கசிவு நிற்பதில்லை. 100 மில்லி ஆம்பியர் கருவி 50-க்குக் கீழே அசையவே அசையாது. அந்த 50, ஆண்களின் கை இறுகும் அளவைப் போல மூன்று மடங்கு. வீட்டுக்காரர் அந்த மாற்றத்துக்குச் சம்மதிக்கவே கூடாது.

எர்த் குழி இல்லாத வீடுகளில் மூன்று முனை பிளக்கின் எர்த் ஓட்டையில் நியூட்ரலை முடிந்துவிடும் குறுக்குவழியும் உண்டு. நியூட்ரல் அறுந்த நொடியில் ஃபிரிட்ஜின் கைப்பிடி 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். இதைச் செய்துவைத்த பாயின்ட் வீட்டில் ஒன்று இருந்தாலும் உடனே பிரித்துவிடவேண்டும்.

கருவிக்கு முடியாதவையும் இருக்கின்றன. ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நின்றால் கணக்கு ஒத்துப்போகும். கருவி அவரை ஒரு பல்பாகவே பார்க்கும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் உரசித் துணிக்கொடிக் கம்பியில் மின்சாரம் ஏறினால், அது மீட்டருக்கு முன்னால் நடக்கும் விபத்து. வீட்டுக்குள் உள்ள எந்தக் கருவியும் அங்கே எட்டாது. துணி காயப்போட நைலான் கயிறு கட்டுவதே அதற்கு வழி.

முகப்பில் 'டி' என்று எழுதிய பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தவேண்டும். வருடக்கணக்கில் அசையாத கொக்கி பிசுக்கேறி இறுகிவிடும். அழுத்தியதும் விழாத கருவியை அன்றே மாற்றவேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் உள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிச் சோதிப்பது. எர்த் குழி முற்றிலும் அறுந்துபோயிருந்தாலும் அது விழும். எர்த்தை அறிய இரண்டு கம்பிகளை மண்ணில் நட்டு அளக்கும் எர்த் டெஸ்டர் வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து, மே மாதத்தில், குழியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணை டிபி பெட்டியின் மூடிக்குள் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன், இன்றே, அந்த மூடியைத் திறந்து ஆர்சிசிபியின் முகப்பைப் பாருங்கள். ஆம்பியர் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 30 மில்லி ஆம்பியர் என்றோ 0.03 ஆம்பியர் என்றோ இருக்கவேண்டும். 0.1 அல்லது 0.3 என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கருவியே இல்லை என்றால், அந்தக் கிரைண்டரில் மாவு ஆட்டுவதற்கு முன் ஒன்றைப் பொருத்துங்கள்.